சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, உள்ளே எது நிரம்பியிருக்கிறது என்று படமாகப் பார்க்க வழி உண்டா?

முற்றத்துவேம்பு:

வணக்கம். கொக்குவிலில் வீட்டிலிருந்தே கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறேன். லப்டொப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான், அதில் சி டிரைவ் மட்டும். ஒரு கிழமையாகச் சிவப்புக் கோடு காட்டுகிறது. இன்று காலையில் பார்த்தால் 1.9 ஜிபிதான் மிச்சம். நேற்று இரவு எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தேன், எழும்பிப் பார்த்தால் பாதியில் நின்று, இடம் இல்லை என்று செய்தி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய வேலை அது.

ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், ஃபோர்மட் பண்ணிப் பெரிய எஸ்எஸ்டி போடுங்கோ என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு விளங்காதது இதுதான்: வேலை வீடியோக்கள் எல்லாம் வெளி ஹாட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ் இரண்டும் துடைத்தாயிற்று. கண்ணுக்குத் தெரிகிற போல்டர் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் பண்ணி புரொப்பர்ட்டீஸ் பார்த்து கொப்பியில் எழுதிக் கூட்டினேன், 100 ஜிபி கூட வரவில்லை. மிச்சம் எங்கே போனது? எண்களாக இல்லாமல் படமாகக் காட்டுகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று முன்பு ஒருவர் சொன்ன ஞாபகம். அதன் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்.


பழையதட்டு:

பிள்ளை, ஃபோர்மட் பண்ண வேண்டாம். காசும் செலவழிக்க வேண்டாம், இன்னும்.

விண்டேர்ஸ்டாட் என்று தேடி இறக்குங்கள், இலவசம், திறந்த மூலம். பல வருடம் பழைய பதிப்பாகவே கிடந்தது, அண்மையில் இரண்டாம் பதிப்பு வந்து வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது. திறந்ததும் எந்த டிரைவ் என்று கேட்கும், சி கொடுங்கள். அது ஒவ்வொரு போல்டராக இறங்கி எண்ணி முடித்ததும் திரை இரண்டாகப் பிரியும். மேலே போல்டர் பட்டியல், பெரியது முதலில். கீழே முழுவதும் நிறம் நிறமாகச் சதுரங்கள். தோட்டக் காணியைப் பாத்தி கட்டிப் பிரித்த மாதிரி இருக்கும். ஒரு ஃபைல் ஒரு பாத்தி, ஃபைல் எவ்வளவு பெரிதோ பாத்தியும் அவ்வளவு பெரிது. ஒரே வகை ஃபைல்களுக்கு ஒரே நிறம். பெரிய பாத்தியில் கிளிக் பண்ணினால் மேலே பட்டியலில் அது எந்த போல்டருக்குள் இருக்கிறது என்று காட்டும்.

விஸ்ட்ரீ என்று இன்னொன்றும் உண்டு. அது ஒவ்வொரு போல்டராக இறங்குவதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எல்லா ஃபைல்களின் விபரமும் ஒரே அட்டவணையில் இருக்கிறது, அந்த அட்டவணையை நேராக வாசித்துவிடும். அதனால் சில வினாடியில் முடிந்துவிடும். வீட்டுப் பாவனைக்கு இலவசம், ஆனால் தொழிலுக்குப் பாவித்தால் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் தொழில் செய்கிறீர்கள், ஆகவே முதலில் விண்டேர்ஸ்டாட்டையே பாருங்கள்.

ஒன்று மட்டும். அந்தச் சொஃப்ட்வெயாருக்குள்ளேயே அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். பார்த்து எழுதிக்கொண்டு இங்கே வாருங்கள்.


சுன்னாகம்95:

அக்கா இதெல்லாம் தேடிக்கொண்டிருப்பதை விட ஃபோர்மட் பண்ணினால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நான் வருடத்துக்கு ஒரு தரம் பண்ணுகிறேன், மெஷின் புதுசு மாதிரி ஓடும்.


பழையதட்டு:

தம்பி, விண்டோஸ் போடத்தான் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு எடிட்டிங் சொஃப்ட்வெயார் இறக்க வேண்டும், எழுத்துருக்கள், பிளக்இன், பிரிண்டர் டிரைவர் எல்லாம் திரும்பப் போட வேண்டும், டேட்டாவுக்கும் காசு. வெள்ளிக்கிழமை வேலை கொடுக்க வேண்டிய ஆளுக்கு அது சரிவராது. அதோடு எது நிரப்பியது என்று தெரியாமல் ஃபோர்மட் பண்ணினால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். நீங்கள் வருடா வருடம் பண்ண வேண்டி வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.


முற்றத்துவேம்பு:

பார்த்தேன் அண்ணை. 20 நிமிடம் போல ஓடியது. முடிந்து அந்தப் படம் வந்ததும் உண்மையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நான் கொப்பியில் எழுதிய போல்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் சின்னத் துண்டாக இருக்கின்றன.

படத்தின் இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறம், மங்கலான பச்சை. உற்றுப் பார்த்தால் அது ஒரு ஃபைல் இல்லை, நூற்றுக்கணக்கான பட்டைகள் நெருக்கி அடுக்கியபடி. கிளிக் பண்ணினால் ஆப்டேட்டா என்ற போல்டருக்குள் அடோபி, அதற்குள் மீடியா கேஷ் ஃபைல்ஸ். 61 ஜிபி! ஃபைல்களின் முடிவில் சிஎஃப்ஏ, பெக் என்று இருக்கிறது. பெயர்களைப் பார்த்தால் நான் 2 வருடத்துக்கு முன் முடித்துக் கொடுத்த கலியாணங்கள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய இடம், ஆனால் இது ஒரு நிறமும் இல்லாத சாம்பல், மணல் மாதிரிப் பொடிப் பொடியாக. மொபைல்சிங்க் என்ற போல்டருக்குள் பேக்கப், 34 ஜிபி. உள்ளே ஃபைல் பெயர்கள் எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக, என்ன ஃபைல் என்றே தெரியாது.

மற்றவை: விண்டோஸ் 29, புரோகிராம்கள் 22, பேஜ்ஃபைல் 12, ஹைபர்ஃபில் என்று ஒரு தனிப் பாத்தி 6, சில்லறை 9. மொத்தம் 173.

இப்போது என் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சி டிரைவ் 238 ஜிபி என்று விண்டோஸ் காட்டுகிறது, 1.9 மிச்சம். அப்படியென்றால் 236 நிரம்பியிருக்க வேண்டும். படம் 173 என்கிறது. 63 ஜிபி எங்கே?


வடலி:

நல்ல கேள்வி. முதலில் சின்ன விஷயம்: பெட்டியில் 256 என்று போட்டிருந்தும் 238 காட்டுவது களவு இல்லை. செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணிவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. 500 வாங்கினால் 465 காட்டும், ஒரு டெராபைட் வாங்கினால் 931 காட்டும்.

அந்த 63 வேறு கதை. இந்தக் கருவிகள் எண்ணும்போது உங்கள் அக்கவுண்டின் உரிமையோடுதான் போல்டருக்குள் போகின்றன. பூட்டியிருக்கிற அறைக்குள் போக முடியாது, போக முடியாததைச் சைபர் என்று போட்டுவிட்டு நகரும். லப்டொப்பில் வேறு யாருடைய அக்கவுண்டாவது இருக்கிறதா? விண்டேர்ஸ்டாட்டை மூடிவிட்டு, ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மீண்டும் ஓடவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு இடைவெளி மிஞ்சினால் சிஸ்டம் புரொடெக்சன் என்று தேடித் திறந்து கொன்ஃபிகரை அழுத்துங்கள், ரீஸ்டோர் பொயின்ட்கள், அதாவது பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் எடுத்து வைப்பவை, எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று அங்கே எழுதியிருக்கும். அது வைக்கப்படுகிற போல்டருக்குள் அட்மினுக்கும் சாதாரணமாக அனுமதி இல்லை.


பழையதட்டு:

வடலி சொன்னதைச் செய்யுங்கள். இதற்கிடையில் கண்டுபிடித்தவற்றைப் பற்றி.

மீடியா கேஷ் பயமில்லாமல் போகலாம். வீடியோவைப் புரொஜெக்ட்டுக்குள் கொண்டுவரும்போது ஓடியோவைத் தனக்கு வசதியான வடிவத்தில் மாற்றி வைக்கிற கோப்புகள் அவை, அலைக்கோடு வரைவதற்கும் சேர்த்து. உங்கள் புரொஜெக்ட்டோ அசல் வீடியோவோ அதற்குள் இல்லை. பழைய புரொஜெக்ட்டைத் திரும்பத் திறந்தால் அது தானே மீண்டும் செய்துகொள்ளும், அந்த ஒரு தரம் மட்டும் நேரம் எடுக்கும். ஆனால் போல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள், உங்கள் எடிட்டிங் சொஃப்ட்வெயாரான அடோபி பிரீமியருக்குள் பிரிஃபரன்சஸ், மீடியா கேஷ் என்று இருக்கிறது, அங்கிருந்தே அழிக்கலாம். அதே பக்கத்தில் இடத்தை வெளி டிஸ்க்குக்கு மாற்றலாம், எத்தனை நாளுக்கு மேற்பட்டதைத் தானாக நீக்க வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். இதைச் செய்யாமல் விட்டால்தான் திரும்பவும் நிரம்பும்.

அந்தச் சாம்பல் மணல் ஐபோன் பேக்கப். ஐடியூன்ஸ் ஃபைல்களின் பெயரை எல்லாம் மாற்றி, முடிவில் எந்த வகை என்ற அடையாளமே இல்லாமல் வைக்கும். விண்டேர்ஸ்டாட் நிறம் கொடுப்பது அந்த அடையாளத்தைப் பார்த்து, அதனால்தான் அவை எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கின்றன. யாருடைய போன் அது? கேட்காமல் அழிக்க வேண்டாம். அழிப்பதென்றாலும் ஐடியூன்ஸுக்குள் டிவைசஸ் என்ற பக்கத்தில் அழியுங்கள்.

ஹைபர்ஃபில்லை விடுங்கள். கனபேர் முதலில் அதைத்தான் நிறுத்தச் சொல்வார்கள், 16 ஜிபி ராமுக்கு 6 ஜிபி சும்மா கிடக்கிறதே என்று. ஆனால் கரண்ட் போய் பட்டரி கடைசிக்கு வரும்போது திறந்திருக்கிற வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் அணைவது அந்த ஃபைலில்தான். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் அது எத்தனை பேரின் வேலையைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும், என்னிடம் வந்த லப்டொப்களில் பட்டரி நன்றாக இருந்தவை அரைவாசிகூட இல்லை.


தீவான்:

விண்டோஸ் பற்றிய இழை என்றாலும் ஒன்று சொல்ல ஆசை. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் பாவிக்கிறவர்கள் எதையும் இறக்கத் தேவையில்லை, டிஸ்க் யூசேஜ் அனலைசர் என்று பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சதுரங்களுக்குப் பதிலாக வட்டம் வட்டமாக, நடுவில் முழு டிஸ்க், அதைச் சுற்றி போல்டர்கள், அதற்கும் வெளியே அவற்றின் உள் போல்டர்கள். மரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வளையங்கள் மாதிரி. எந்தப் பக்கம் வளையம் வெளியே நீண்டு போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆழமாக அடுக்கியிருக்கிறது.

அதன் உண்மையான பெயர் பாவோபாப். அது எங்கள் பெருக்கமரம்! நெடுந்தீவுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், மன்னார் பள்ளிமுனையிலும் நிற்கிறது. அடிமரம் வயிறு ஊதிய மாதிரி, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்து. டிஸ்க்கின் வயிற்றுக்குள் என்ன என்று காட்டுகிற கருவிக்கு அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. லினக்ஸில் கேடிஈ என்ற டெஸ்க்டொப் பாவிக்கிறவர்களுக்கு ஃபைல்லைட் என்று இதே வளைய வடிவில் இன்னொன்று உண்டு, சதுரங்கள்தான் வேண்டும் என்றால் கியூடேர்ஸ்டாட்.


வடலி:

தீவான் அண்ணை, பெயரின் காரணம் இன்றுதான் எனக்குப் படமாக விளங்கியது, நன்றி.

அந்தச் சதுரப் படத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1990இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னெய்டர்மான் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் 14 பேர் சேர்ந்து ஒரே ஹாட் டிஸ்க்கைப் பாவித்தார்கள், 80 மெகாபைட். நிரம்பிக்கொண்டே இருந்தது, யார் நிரப்புகிறார்கள் என்று பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே திரைக்குள் எல்லாவற்றையும் அளவுக்கேற்ற சதுரங்களாக அடக்க முடியுமா என்று யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்த ட்ரீமேப். இப்போது பங்குச்சந்தைப் படங்களில் எல்லாம் வருகிறது, ஆனால் பிறந்தது நிரம்பிப்போன டிஸ்க் ஒன்றுக்காக. சதுரங்களுக்கு மெத்தை மாதிரி நிழல் கொடுத்து எது எதற்குள் என்று காட்டும் முறை 1999இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் வந்தது. லினக்ஸின் கேடேர்ஸ்டாட் அந்த மெத்தைகளை எடுத்துக்கொண்டது, அதைப் பார்த்து விண்டோஸுக்குச் செய்ததுதான் நீங்கள் இறக்கிய விண்டேர்ஸ்டாட்.

படம் காட்டாத இடமும் உண்டு என்பதற்கு என் அனுபவம். நான் பார்த்துக்கொள்கிற ஒரு லினக்ஸ் மெஷின், இரவில் தானாக வெளி டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கும். ஒருநாள் கரண்ட் போய் வந்தது, மெஷின் தானாக எழும்பியது, வெளி டிஸ்க் இணையவில்லை. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, டிஸ்க் வந்து பொருந்துகிற வெற்று போல்டருக்குள்ளேயே, அதாவது உள் டிஸ்க்கிலேயே, எல்லாவற்றையும் எழுதிவிட்டது. காலையில் நான் வெளி டிஸ்க்கைச் சரிபண்ணி அதே போல்டரில் இணைத்தேன். அதற்குப் பிறகு பாவோபாப் ஓடவிட்டால் ஒன்றும் தெரியாது. பாய்க்குக் கீழே கிடக்கிற பொருள் மாதிரி, மேலே டிஸ்க் விரிந்திருக்கிறது, கீழே 70 ஜிபி கிடக்கிறது. இரண்டு நாள் தலையை உடைத்து, கடைசியில் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதுதான் அகப்பட்டது. படத்தின் கூட்டுத்தொகையும் டிஸ்க் சொல்கிற தொகையும் பொருந்தவில்லை என்றால், எண்ணியவர் எதைப் பார்க்கவில்லை என்று தேட வேண்டும். முற்றத்துவேம்புவின் 63 ஜிபியும் அதுதான்.


முற்றத்துவேம்பு:

அட்மினாக ஓடவிட்டேன், வந்துவிட்டது!

தம்பியின் அக்கவுண்ட். அவன் பிரான்ஸ் போய் 3 வருடம், இந்த லப்டொப் முதலில் அவனுடையது, அவனுடைய அக்கவுண்ட் இன்னும் இருப்பதையே நான் மறந்துவிட்டேன். அதில் 41 ஜிபி. வடலி சொன்ன பக்கத்தில் ரீஸ்டோர் பொயின்ட்கள் 20 ஜிபி. இரண்டும் சேர்ந்தால் 61, மிச்சம் 2 ஜிபியை நான் தேடப் போவதில்லை.

தம்பியின் 41இல் 36 ஜிபி மூன்றே மூன்று ஃபைல். படத்தில் ஊதா நிறத்தில் மூன்று பெரிய பாத்தி, மூன்றும் ஒரே அளவு, அடுத்தடுத்து. போல்டர் பெயர் புதுசு 2. ஃபைல்கள் ஏவிஐ, பெயர் 1, 2, 3. தம்பிக்கு வட்ஸ்அப் பண்ணிக் கேட்டேன், வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தான், என்னவென்று ஞாபகமில்லை, யாரிடமோ வாங்கிய படமாக இருக்கும், அழி என்றான். முதலாவதைத் திறந்து பார்த்தேன், வெறும் நீலத் திரை, சத்தமும் இல்லை. ஆகவே இதை அழித்தால் ஒரே அடியில் 36 வந்துவிடும், மீடியா கேஷோடு சேர்த்தால் வெள்ளிக்கிழமை வேலைக்குத் தாராளம். அழிக்கட்டுமா?


கரையூர்க்காற்று:

தங்கச்சி, நில்லுங்கள். இதைத்தான் எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேன்.

நானும் இந்தச் சதுரப் படத்தைப் பார்த்து வியந்தவன். 2019இல் டிஸ்க் நிரம்பி, ஓடவிட்டு, மிகப் பெரிய பாத்தி எது என்று பார்த்தேன். ஸ்கிராட்ச் என்ற போல்டர், 50 ஜிபிக்கு மேல். ஸ்கிராட்ச் என்றால் தற்காலிகம் தானே என்று அந்தப் படத்தில் இருந்தே ரைட் கிளிக் பண்ணி முழுதாக அழித்தேன், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாத மாதிரி. சந்தோஷமாக இருந்தது, ஒரு நொடியில் படத்தில் பெரிய வெளி. மூன்று கிழமை கழித்து அம்மா, அப்பாவின் மணிவிழா வீடியோவைக் கேட்டா. எடிட் பண்ணவென்று கமெராவிலிருந்து இறக்கிய அசல் எல்லாவற்றையும் நான்தான் அந்த போல்டரில் போட்டிருந்தேன். கமெராக் கார்ட் அதற்குப் பிறகு பத்துத் தரம் பாவித்தாயிற்று.

அழிந்த ஃபைல்களை மீட்கிற ஃபோட்டோரெக் போட்டு 9 நாள் தேடினேன். என்னுடையது சுழல்கிற பழைய ஹாட் டிஸ்க், அதனால் கொஞ்சமாவது கிடைத்தது. படங்கள் பல வந்தன, பெயர் எல்லாம் போய் வெறும் எண்களாக. வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்ததால் ஒன்றும் முழுதாக வரவில்லை, இரண்டு மூன்று நொடி ஓடி உடைந்துவிடும். உங்களுடையது எஸ்எஸ்டி. அழித்ததும் அந்த இடங்கள் காலி என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே சொல்லிவிடும், டிஸ்க் அதைத் துடைத்துவிடும், தேடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

அப்பா அடுத்த வருடம் காலமானார். அவர் கதைக்கிற வீடியோ வேறு எங்களிடம் இல்லை.


வடலி:

கரையூர்க்காற்று அண்ணா, எழுதியதற்கு நன்றி. மனது பாரமாகிவிட்டது.

முற்றத்துவேம்பு, அந்த மூன்று ஃபைலின் சரியான அளவைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 12.1 போலவா?


முற்றத்துவேம்பு:

ஓம், முதலாவது 12.1, இரண்டாவதும் 12.1, மூன்றாவது 12.0. எப்படித் தெரியும்?


வடலி:

அழிக்க வேண்டாம். அது இறக்கிய படம் இல்லை.

முன்பு கைக்கமெராக்களில் வந்த மினி டிவி கசெற் ஞாபகம் இருக்கிறதா, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அதைக் கொம்பியூட்டருக்கு ஏற்றினால் நொடிக்கு 3.6 மெகாபைட் வீதம் மாறாமல் வரும். கசெற் ஒன்று 60 நிமிடம், 3,600 நொடி. பெருக்கினால் ஏறத்தாழ 13 ஜிபி, விண்டோஸ் எண்ணுகிற கணக்கில் 12.1. ஒரே அளவில் மூன்று ஏவிஐ என்று நீங்கள் எழுதியதுமே சந்தேகம் வந்தது. யாரோ மூன்று கசெற்றை முழுதாக ஏற்றியிருக்கிறார்கள். தொடக்கத்தில் நீலம் வருவது கசெற்றின் வெற்றுப் பகுதியாக இருக்கும். பிளேயரில் 5ஆவது நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள்.


பழையதட்டு:

பார்த்துவிட்டு எழுதுங்கள் பிள்ளை. நாங்கள் இருக்கிறோம்.


சுன்னாகம்95:

நான் ஃபோர்மட் பண்ணச் சொன்னதை நினைத்தால் கையெல்லாம் நடுங்குது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா.

இடையில் ஒன்று கேட்கலாமா? நானும் ஓடவிட்டுப் பார்த்தேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் போய்ப் பிடித்த வீடியோதான் என் டி டிரைவ் முழுவதும். 4கே. அழிக்க மனமில்லை. ஒரு மணித்தியால வீடியோ ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது?


பழையதட்டு:

தம்பி, மன்னிக்க ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கமெராவில் 4கே 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், என்று வைத்திருப்பீர்கள். எட்டு பிட் ஒரு பைட், ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. தேர், தீர்த்தம் நாள்களின் அசலை அப்படியே வையுங்கள். மற்ற நாள்களில் ஆடிப்போனது, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பிடித்தது எல்லாம் இருக்கும், அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கழியுங்கள். அதைப் படம் செய்து தராது, நீங்கள் இருந்து பார்க்கத்தான் வேண்டும்.


முற்றத்துவேம்பு:

எழுதக் கொஞ்சம் நேரம் எடுத்துவிட்டது.

இழுத்துப் பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் நீலம் போய் எங்கள் பழைய வீட்டு முற்றம் வருகிறது. 2005 என்று மூலையில் திகதி. மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கமெரா. தம்பிக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது, போவதற்கு முதல் மாமாவின் கசெற்றுகளை ஏற்றி சீடி அடிக்கலாம் என்று தொடங்கினானாம், விசா வந்ததும் அப்படியே விட்டுவிட்டான். கசெற்றுகள் இப்போது யாரிடமும் இல்லை. வீடு மாறும்போது எறிந்திருப்பார்கள்.

சரி, செய்தவற்றைச் சொல்கிறேன். மூன்று ஃபைலையும் முதலில் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணினேன், பிறகு சாவகச்சேரியில் பெரியம்மா வீட்டில் இருக்கிற டிஸ்க்குக்கும் ஒரு கொப்பி. இரண்டு கொப்பியையும் அசலோடு 7-ஜிப்பில் செக்சம் போட்டு ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் லப்டொப்பில் இருந்ததை எடுத்தேன். மீடியா கேஷைப் பிரீமியருக்குள்ளிருந்து அழித்து, இடத்தை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். ஐபோன் பேக்கப் கனடா அக்கா வந்து நின்றபோது எடுத்தது, அவவிடம் கேட்டேன், புதிய போனுக்கு எல்லாம் மாற்றிவிட்டேன், அழி என்றா. ரீஸ்டோர் பொயின்ட்டுக்கு எல்லையைக் குறைத்தேன், 20 இருந்தது 8 ஆனது. ஹைபர்ஃபில்லைத் தொடவில்லை. இப்போது 145 ஜிபி வெறுமை. வெள்ளிக்கிழமை வேலை இன்று காலையே எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது.


கரையூர்க்காற்று:

நல்லது தங்கச்சி. மிகவும் நல்லது.


தீவான்:

அந்த ஏவிஐகளை அப்படியே வையுங்கள், சுருக்கி வைத்துவிட்டு அசலை எறிய வேண்டாம். பார்ப்பதற்கு மட்டும் சின்னதாக ஒன்று செய்து போனில் போடுங்கள். ஏற்றும்போது வரி வரியாகக் கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் என்ற தெரிவைப் போட்டு மாற்றுங்கள், கையை அசைக்கிற இடங்களில் சீப்புப்பல் மாதிரித் தெரிவது அதில் போய்விடும்.


முற்றத்துவேம்பு:

செய்தேன் அண்ணை, நேற்று இரவு அம்மாவுக்கு டிவியில் போட்டுக் காட்டினோம், தம்பியும் வட்ஸ்அப் கோலில் இருந்தான். மூன்றாவது ஃபைலில் 11ஆவது நிமிடம் போல அம்மம்மா முற்றத்தில் பாய் விரித்து ஒடியல் காயப்போடுகிறா. கமெராவைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, உதை உதறிப்போட்டு வந்து இந்தத் தொங்கலைப் பிடி என்று மாமாவைக் கூப்பிடுகிறா. அம்மா அந்த இடத்தையே நாலைந்து தரம் திருப்பிப் போடச் சொன்னா.